குட்டியானைக்கு நாலு மெத்தை

குற்றாலம் பேரருவிக்கு நேர் கீழே நிற்கவைத்துக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். வாய்க்குள் தண்ணீர் போனாலும் சொல்வேன். இனி வரப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. பொய்யென்றால் என் மீசை... வேண்டாம், மீசையை விட்டுவிடுவோம். அதன்மேல் ஏற்கெனவே ஒரு பந்தயம் தொங்கிக்கொண்டிருக்கிறது. இருப்பது ஒரு மீசை. எத்தனையைத்தான் அது தாங்கும்?

என் பெயர் காந்திமதிநாதன். தென்காசியில் வீடு. மேலகரம் பக்கம் எழுபது தென்னை. வயது அறுபத்தெட்டு. மனைவி ஒன்று, பெயர் வடிவாம்பாள். நாற்பத்தொரு வருஷமாக என்னை நன்றாக வைத்திருக்கிறாள். எங்கே வைத்தாளோ அங்கேயே இருக்கிறேன்.

போன சித்திரையில், தேங்காய் ஏற்றுவதற்கென்று குட்டியானை வாங்கினேன். யானைக்குட்டி இல்லை. நாலு சக்கர லோடு வண்டிக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். நீல நிறம். பின்னால் சாமான் ஏற்றுகிற தொட்டி இருக்கிறதே, அதில் முகம் பார்த்து மீசை முறுக்கலாம். முறுக்கினேன். அங்கேதான் பிடித்தது சனி. இவ்வளவு பளபளப்பான தொட்டியில் எவனாவது தேங்காயைப் போடுவானா?

மாட்டுக்கொட்டகையில் விரிக்கிற ரப்பர் விரிப்பை வாங்கி விரித்தேன். ரப்பர் உரசி பெயின்ட் மங்கிவிடுமே என்று அதற்கு அடியில் சணல் சாக்கு. ரப்பர் கிழிந்துவிடுமே என்று அதன்மேல் பிளைவுட். பிளைவுட்டுக்கு வலிக்குமே என்று அதற்கும் மேலே ஒரு தேங்காய்நார் மெத்தை. அன்றிலிருந்து எங்கள் வீட்டுக் கட்டிலில் வெறும் பாய்தான். மெத்தை எங்கிருந்து வந்தது என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் வெட்டு வந்தது. காய்களை வாடகை வண்டியில் ஏற்றிவிட்டு, பின்னாலேயே என் வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டு வந்தேன். ஊர் பார்த்தது. பக்கத்து வீட்டு பெஞ்சமினும் பார்த்தான். கயிறு, சங்கிலி, தார்ப்பாய் விற்கிற கடை வைத்திருப்பவன். என்னைவிடப் பத்து வயது இளையவன். வாய் மட்டும் என்னைவிட மூத்தது.

“அண்ணாச்சி, இது லோடு வண்டியா, பிரசவ வார்டா?”

“ஏலே, பொறாமையில பேசாத. தீபாவளி வரைக்கும் இந்தத் தொட்டியில ஒத்தக் கீறல் விழாது. விழுந்தா பேரருவி முன்னால, கூட்டம் பாக்க, என் மீசையை வழிச்சிருதேன்.”

“விழலைன்னா என் மீசையை எடுக்கேன் அண்ணாச்சி.”

“உனக்கு ஏதுலே மீசை? வழி தப்பிக் கீழ வந்த புருவம்லா அது!”

டீக்கடையில் பத்துப் பேர் சாட்சி. ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து தொட்டியைச் சோதனை போடுவேன் என்றான். போட்டுக்கோ என்றேன். என் மீசை சாதாரண மீசை இல்லை. வீரகேரளம்புதூரில் ஒருமுறை ரெண்டு பக்கமும் எலுமிச்சம்பழம் நிறுத்திக் காட்டியிருக்கிறேன். ஒரு பழத்தைக் காக்கா எடுத்துக்கொண்டு போனது. மீசை அசையவில்லை.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. அருவியில் தண்ணீர் வந்தது. கூடவே வடிவு வந்தாள்.

“ஏங்க, நாளைக்கு வாசுதேவநல்லூர் போணும்.”

“போயிட்டு வா. பஸ் இருக்கு.”

“பஸ்ஸுல ஆட்டுரலை ஏத்துவானா? விஸ்வநாதன் வீட்டை இடிச்சுக் கட்டுதான். வெள்ளிக்கிழமைக்குள்ள எங்கம்மா உரலை எடுக்கலைன்னா அஸ்திவாரத்துல போட்டு மூடிருவானாம்.”

விஸ்வநாதன் என் மைத்துனன். மூடினால் நல்லது என்று நினைத்தேன். சொல்லவில்லை.

“வீட்டுலதான் கிரைண்டர் இருக்கே?”

“அரைக்க யாரு கேட்டா? தண்ணி ஊத்தி அல்லி வளக்கப்போறேன். என் சிநேகிதி ஜோதிலட்சுமி அவ வீட்டு மாடியில வளக்குதா. போட்டோ அனுப்பி என் வயித்தெரிச்சலைக் கொட்டிக்கிட்டா.”

அந்த உரலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கல்யாண வீட்டுக்கு மாவாட்டுகிற உரல். உரலை முதலில் வைத்துவிட்டு, அதை நகர்த்த முடியாமல்தான் அதைச் சுற்றி வீட்டைக் கட்டினார்கள். அது கிடக்கிற பக்கமாகத் தெருவே கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதைப் போய் என் நீலத் தொட்டியிலா?

‘முடியாது’ என்ற வார்த்தையை எங்கள் வீட்டில் ஒரு ஆள்தான் சொல்லலாம். அது நான் இல்லை. அதனால் சட்டம் பேசுவது என்று முடிவு கட்டினேன். ஒவ்வொன்றாக எடுத்துவிட்டால் அலுத்துப்போய் விட்டுவிடுவாள்.

“ஏத்தலாம் வடிவு. ஆனா கனமான லோடுன்னா சும்மா இல்ல. வெறுங்கயிறு கட்டினா அத்துக்கிட்டுப் போயிரும். லாரிக்காரன் போடுத, பல்லுப் பல்லா இறுக்குத ராட்செட் பெல்ட் நாலு வேணும். இந்த ஊர்ல எங்க கிடைக்கும்?”

“பெஞ்சமின் கடையில. நேத்தே ஆறு வாங்கிட்டேன்.”

“நாலுதானே சொன்னேன்?”

“ரெண்டு கையில இருக்கட்டும்.”

மறுநாள் புறப்பட்டோம். வண்டியை நான்தான் ஓட்டினேன். சாவி என் அரைஞாண் கயிற்றில்தான் கிடக்கும். குளிக்கும்போதும் கழற்றமாட்டேன்.

வாசுதேவநல்லூரில் விஸ்வநாதன் பத்து ஆட்களை நிறுத்தியிருந்தான். பலகை சாய்த்து, கடப்பாரை போட்டு நெம்பி, உருட்டி ஏற்றினார்கள். வண்டி முனகியது. நானும் முனகினேன். நாலு அடுக்கு மெத்தையின் நடுவில் உரல் புதுமாப்பிள்ளை மாதிரி அமுங்கி உட்கார்ந்தது. குழவி உள்ளே கிடந்து ஆடுமே என்று அதற்குப் புது வேட்டி சுற்றி நெட்டுக்குத்தலாக நிறுத்தினான் மைத்துனன். அம்மா வீட்டுச் சாமான் வீட்டை விட்டுப் போகிறதே என்று சந்தனம் அப்பினான். திருநீறு பூசினான். ஒரு மாலையும் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பெல்ட் நாலையும் இறுக்கினார்கள். நான் தொண்டையைக் கனைத்தேன்.

“எல்லாம் சரி மாப்ளே. ஆனா சுத்தி இவ்வளவு காலியிடம் கிடக்கே! பிரேக் அடிச்சா உரல் நகரும். கனமான சாமானுக்குப் பக்கத்துல நாலு விரல் இடம்கூட இருக்கக் கூடாது. இது லோடு சட்டம். என்ன செய்ய? இறக்கிருங்க.”

வடிவு ஒரு நிமிஷம் தொட்டியைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள்.

“ஏலே விசு, அத்தான் சொல்லுதது சரிதான். அந்தப் பித்தளை அண்டாவை எடு. அந்தச் சந்து அண்டாவுக்குச் சரியா இருக்கும்.”

அண்டா வந்தது. அண்டாவுக்குள் காலியிடம் இருக்கக் கூடாதே என்று அதற்குள் ஆறு குத்துவிளக்கு வந்தது. முன்பக்க இடைவெளிக்கு ரெண்டு மூட்டை புளி. பின்பக்கத்துக்கு மர அலமாரி. அலமாரிக்குள் அவள் அம்மாவின் வெண்கலப் பானைகள். பத்து வருஷமாகக் கேட்டும் விஸ்வநாதன் பெண்டாட்டி கண்ணில் காட்டாத சாமான்கள்! அந்த அம்மாள் வாசலில் நின்று பல்லைக் கடித்தாள். “லோடு சட்டம்மா, உங்க அண்ணனே சொல்லிட்டாக” என்றாள் வடிவு. நான் ஒவ்வொரு சந்தாகக் காட்டக் காட்ட, அந்த வீட்டை ஒவ்வொரு அறையாக ஏற்றினாள்.

கடைசியில் இடது பக்கம் ஒன்றரை அடி இடம் மிஞ்சியது. அதற்கு எதுவும் பொருந்தவில்லை. எனக்கு உயிர் வந்தது. கையில் இருந்த கடைசிச் சட்டத்தையும் எடுத்து வீசினேன்.

“இது மட்டுமில்ல. இவ்வளவு கனம் ஏத்தினா, பெல்ட் தளருதான்னு பாக்கப் பின்னால ஒரு ஆள் உக்காந்து வரணும். நான் ஓட்டணும். நீ கனத்தைப் பிடிக்க மாட்டே. விசுவுக்கு வீட்டு வேலை. ஆளில்லாம வண்டியை எடுத்தா உரல் சொக்கம்பட்டித் தெருவுல உருளும். பரவாயில்லையா?”

மெதுவாக மீசையைத் தடவினேன்.

வடிவு கைப்பையைத் திறந்தாள். ஒரு அட்டையை எடுத்தாள். அதில் அவள் போட்டோ இருந்தது. டிரைவிங் லைசென்ஸ்.

“பெஞ்சமின் மக ஷாரோன் பொம்பளைகளுக்கு வண்டி சொல்லிக்குடுக்காள்லா? பங்குனியிலயே எடுத்துட்டேன். நீங்க தோப்புக்குப் போன நேரமா அவ வண்டியில ஓட்டிப் பழகினேன். நான் ஓட்டுதேன். நீங்க பின்னால உக்காந்து பெல்ட்டைப் பாருங்க. அந்த ஒண்ணரை அடிக்கும் ஆள் ஆச்சு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தையல்காரன் பார்ப்பதுபோல மேலும் கீழுமாக.

“அத்தானுக்கு அளவு எடுத்த மாதிரியே இருக்கு அக்கா!” என்றான் அந்தப் பாவி விஸ்வநாதன்.

அப்போதுதான் அந்த மிச்ச ரெண்டு பெல்ட் எதற்கென்று புரிந்தது.

உரலைக் கட்டிப்பிடித்தபடி என்னை வைத்துக் கட்டினார்கள். அடிபடாமல் இருக்க முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். “மூச்சு விட முடியுதா?” என்று கேட்டாள். “முடியுது” என்றேன். இன்னும் ஒரு பல் இறுக்கினாள்.

இனி நடந்ததைத்தான் யாரும் நம்பமாட்டேன் என்கிறார்கள்.

புளியங்குடியில் வண்டி மெதுவாகப் போனது. சந்தையில் எலுமிச்சை வாங்கிக்கொண்டிருந்த கூட்டம் திரும்பியது. என்ன பார்த்தார்கள்? வட்டமான கல்பீடம். நடுவில் நிமிர்ந்து நிற்கிற வழுவழுக் கல். வெள்ளை வேட்டி, சந்தனம், திருநீறு, மாலை. சுற்றிக் குத்துவிளக்கு, வெண்கலம். அதைக் கட்டிக்கொண்டு கண்ணீர் விடுகிற ஒரு கிழவன். பெல்ட் இறுக்கியதில் வந்த கண்ணீர் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

“சிவலிங்கம் வருது! அரகரா!”

வண்டியை நிறுத்திவிட்டார்கள். எலுமிச்சை மாலை விழுந்தது. குழவிக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒரு ஆச்சி சூடம் ஏற்றிக்கொண்டு ஓடி வந்தாள்.

“ஆச்சி, இது லிங்கம் இல்ல! ஆட்டுரல்!” என்று கத்தினேன்.

ஆச்சி உருகிப்போனாள். “ஆமாய்யா, நம்மளை எல்லாம் ஆட்டி வைக்கிறவன் அவன்தானே!”

என்னை ஆட்டி வைக்கிறவள் முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, “சீக்கிரம் தீபாராதனை காட்டுங்க தாயி, நேரமாகுது” என்றாள்.

கடையநல்லூருக்குள் நுழையும்போது செய்தி எங்களுக்கு முன்னால் போய்விட்டது. மேளம் தயாராகக் காத்து நின்றது. எதிரே வந்த மூன்று பஸ்களை ஓரம் கட்டி எங்களுக்கு வழி விட்டார்கள். ஒருத்தர் தன் மகளுக்கு எப்போது வரன் அமையும் என்று என்னிடம் கேட்டார். “அவுத்துவிடுங்க சொல்லுதேன்” என்றேன். “பற்றை அவிழ்த்துவிடச் சொல்கிறார்” என்று பக்கத்தில் இருந்தவர் விளக்கம் சொன்னார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. இருபத்தேழு இடத்தில் நிறுத்தினார்கள். எண்ணுவதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. சாரல் வேறு. தென்காசி வந்து சேரும்போது எனக்கு நாலரை மணி நேரமாக அடக்கிவைத்த அவசரம்.

வீட்டு வாசலில் பெல்ட்டைத் தளர்த்தியதும், ஓட்டக் கொடுத்திருந்த சாவியை வாங்கி அரைஞாணில் மாட்டிக்கொண்டு நான் எங்கே ஓடினேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கொஞ்சம் நேரம் பிடித்தது. பிறகு கை, கால் மரத்துப்போனதை உதறிக்கொண்டு திரும்பி வந்தேன். அதற்குள் தெரு ஆட்கள் எல்லாச் சாமானையும் இறக்கியிருந்தார்கள். உரல் கொல்லையில் போய் உட்கார்ந்துவிட்டது. மெத்தை, பிளைவுட், ரப்பர் எல்லாவற்றையும் உருவி வெளியே போட்டுவிட்டு, தொட்டியில் வடிவு தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

ஏறினேன். டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றுமில்லை. வலது ஓரம் ஒன்றுமில்லை. பின்கதவு ஒன்றுமில்லை. அத்தனை கனம் ஏறி இறங்கியும் தொட்டி புதுசு போலக் கிடந்தது! மீசைக்கு மறுஜென்மம்!

“ஏங்க,” என்றாள் வடிவு தாழ்ந்த குரலில். “இங்கன கொஞ்சம் பாருங்க.”

முன்பக்கம் இடது மூலை. ஒரு சாண் நீளம். மயிரிழை அகலம். வெள்ளையாக ஒரு கோடு. நீலம் போய் உள்ளே இருக்கிற வெள்ளை தெரிந்தது.

கையை நீட்டினேன்.

“தொடாதிய! தொட்டா பெயின்ட் இன்னும் உரிஞ்சிரும்.”

அதே நேரம் வாசலில் குரல். “அண்ணாச்சி! உரல் வந்துட்டாமே? இன்னைக்கே சோதனை போட்டிரலாமா?”

பெஞ்சமின்! கதவைத் திறந்துவிட்டான். செருப்புச் சத்தம் வருகிறது. நான் வடிவைப் பார்த்தேன். அவள் உள்ளங்கையை மட்டும் நீட்டினாள்.

அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியைக் கழற்றி அதில் வைத்தேன். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, வெளியே கிடந்த ஒரு ரப்பர் துண்டைக் கோட்டின்மேல் இழுத்துப் போட்டு, அதன்மேல் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

பெஞ்சமின் ஏறினான். தடவினான். முகர்ந்துகூடப் பார்த்தான்.

“மயினி, கொஞ்சம் எந்திரிச்சா அந்த மூலையையும்...”

“கால்முட்டு புடிச்சுக்கிட்டுது தம்பி. நாலு மணி நேரம் வண்டி ஓட்டிருக்கேன். என்னை எந்திரிக்கச் சொல்லுதியளா?”

அவன் பதறிப்போய் இறங்கினான். மீசை பிழைத்தது. மீசைக்காரன் தொலைந்தான்.

மறுவாரமே வண்டியின் நெற்றியில் ‘வடிவாம்பாள் லோடு சர்வீஸ்’ என்று மஞ்சள் எழுத்து ஏறியது. தெருவில் யாருக்கு பீரோ மாற்ற வேண்டும், யாருக்கு கிரைண்டர் தூக்க வேண்டும், எல்லாம் அவள்தான். நாலு மெத்தையையும் திரும்ப விரித்து, முன்னால் அவள் ஓட்டுவாள். பின்னால் பெல்ட் பார்க்க நான். சந்து இருந்தால் சந்தில், சந்து இல்லாவிட்டால் சாமானின்மேல். ஒருநாள் ஒரு கட்டிலுக்கும் ஒரு பிரிட்ஜுக்கும் நடுவில் இலஞ்சி வரை போனேன். இறக்கும்போது கட்டிலை முதலில் இறக்கினார்கள், பிரிட்ஜை அடுத்து இறக்கினார்கள், என்னை மறந்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள்.

“இன்னைக்கு நான் வரலை, இடுப்பு வலி” என்றால், வடிவு சண்டை போடமாட்டாள். மதிலுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்து, “பெஞ்சமின் தம்பி, வீட்டுல இருக்கியளா?” என்பாள். நான் போய்த் தொட்டியில் ஏறிக்கொள்வேன். ஞாயிறுதோறும் பெஞ்சமின் வருவான். மூலையில் வடிவு உட்கார்ந்து பூக்கட்டுவாள். நான் அந்த மூலைப் பக்கமே திரும்பமாட்டேன். செத்த வீட்டைத் தாண்டுகிற மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன்.

இப்படியே மூன்று மாதம். புரட்டாசி வந்தது. போன செவ்வாய்க்கிழமை, அவள் குளிக்கப் போயிருந்தாள். ரப்பர் துண்டுக்கு அடியிலிருந்து எறும்பு வந்தது. சாரை சாரையாக. ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஏதோ துணுக்கு.

துண்டைத் தூக்கிப் பார்த்தேன். கீறலில் பாதியைக் காணோம். எறும்பு தின்றுகொண்டிருந்தது.

அறுபத்தெட்டு வயதில் எத்தனையோ பார்த்துவிட்டேன். கீறலைத் தின்கிற எறும்பைப் பார்த்ததில்லை. விரலை நாக்கில் தொட்டு மீதிக் கோட்டில் வைத்து இழுத்தேன். கோடு விரலோடு வந்தது. அடியில் நீலம், கன்னி நீலம், பளபளவென்று.

பச்சரிசி மாவு! வெள்ளிக்கிழமை தோறும் வாசலில் இழைக்கோலம் போடுகிற கை அது. அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியை நனைத்து, மயிரிழை மாதிரி கோடு இழுக்கிற கை. நான் பாத்ரூமுக்குள் இருந்த நேரத்தில் ஒரே ஒரு இழை போட்டிருக்கிறாள். அதற்கு நான் மூன்று மாதம் சுமை காவல்!

தலை துவட்டிக்கொண்டு வந்தவள் முன்னால் குதித்தேன்.

“ஏட்டி! மாக்கோலத்தைக் காட்டியா என்னை ஏய்ச்சே? தொட்டியில கீறலே இல்ல! எடு சாவியை!”

“இந்தாங்க,” என்றாள்.

உடனே கொடுத்துவிட்டாள். நாற்பத்தொரு வருஷ அனுபவம் அங்கேயே என்னை எச்சரித்திருக்க வேண்டும்.

“நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு ஆலங்குளத்துல ஒரு வீட்டு பீரோ ஏத்தணும். நீங்க ஓட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து வாரேன்.”

“நான் எதுக்கு ஓட்டணும்? கீறல்தான் இல்லையே! பெஞ்சமினைக் கூப்பிடு, இப்பவே காட்டுதேன்!”

“கூப்பிடட்டுமா? மூணு மாசமா அண்ணாச்சி அரிசி மாவுக்குப் பயந்து என் லோடுக்குக் காவல் இருந்தாகன்னு நானே சொல்லட்டுமா?”

வாயை மூடிக்கொண்டேன். மீசையும் சேர்ந்து தொங்கியது. ஆனாலும் ஒரு ஆறுதல் மிச்சம் இருந்தது. அதையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தேன்.

“எப்படியோ, கண்டுபிடிச்சிட்டேன்ல? என் கண்ணுக்குத் தப்புமா?”

வடிவு ஈரத் துண்டைக் கொடியில் போட்டாள்.

“வாரா வாரம் மாவுல எறும்புப் பொடி கலந்துதான் இழை போடுவேன். ஒரு மாசமா எனக்கு முதுகு முறியுது, ஓட்ட ஆள் வேணும். அதான் இந்த வாரம் பொடி கலக்கல.”

இதை நான்தான் சொன்னேன் என்று யாரிடமும் மூச்சு விடாதீர்கள். முக்கியமாகப் பெஞ்சமினிடம். தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கிறது. மீறிக் கேட்டால் வாசுதேவநல்லூர்க்காரன் எவனோ சொன்னான் என்று சொல்லிவிடுங்கள். வரட்டுமா? முன் சீட்டில் உட்கார்ந்து எட்டி எட்டி ஹாரன் அடிக்கிறாள்.